நீர்ச்சுத்தியலில் தப்பாகப் போட்ட துளை

சென்ற மாதம் காட்சியகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நீர்ச்சக்கரத்தை எடுத்துவிட்டு, தாமிரம் அடிக்கும் பெரிய சுத்தியலை மோட்டாரில் ஓட்டப் போகிறார்களாம். அதை எப்படிச் செய்தீர்கள், ஓட்டும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று எழுதித் தர முடியுமா எனக் கேட்டிருந்தார்கள். ஒரு பக்கம் போதும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

ஒரு பக்கத்தில் அடக்கிவிடலாம்தான். ஆனால் அப்படி அடக்கினால் நான் செய்த ஒரு காரியத்தை விட்டுவிட வேண்டியிருக்கும். அதை ஒரு தடவை விட்டுவிட்டு எழுதியவன் நான். மறுபடியும் அப்படி எழுத எனக்கு தைரியம் இல்லை.

நான் சிந்தாதிரிப்பேட்டைக்காரன். பெயர் தனசேகரன். அப்பா தாமிர அண்டாவும் வெந்நீர் பாய்லரும் அடித்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தகடு பிடிப்பேன். பிறகு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன், அம்பத்தூரில் நான்கு வருஷம், கிண்டியில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். அதன் பிறகு அடையாற்றில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய தொழில்நுட்பக் காட்சியகத்தில் பட்டறை ஆளாகச் சேர்ந்து, இருபத்தாறு வருஷம் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றேன். பிள்ளைகள் கைப்பிடியைச் சுற்றினால் ஓடுகிற மாதிரிகளைச் செய்வதுதான் வேலை. ஏற்றம், செக்கு, கப்பி, நீராவி எஞ்சின். எல்லாம் சின்னச் சின்னவை. பிள்ளைகள் தொடுவார்கள், ஏறுவார்கள், தொங்குவார்கள். அதனால் சின்னது என்று எதையும் விட முடியாது.

இதை எனக்குப் புரியவைத்தவர் கௌசல்யா மேடம். காட்சியகத்தின் பொறுப்பாளர். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. குரலை உயர்த்த மாட்டார். எந்த எந்திரத்தையும் முதல் தடவை ஓட்டும்போது உட்கார மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தரையில் நிற்பார். அதிர்வு காலில் தெரியும் என்பார்.

அவரிடம் ஒரு தாள் வழக்கம் உண்டு. எந்த மாதிரியையும் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவதற்கு முன்னால், அதில் கை வைத்த ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் ‘பார்த்தது’, வலது பக்கம் ‘பார்க்காதது’. மேடம் எப்போதும் வலது பக்கத்தைத்தான் முதலில் படிப்பார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விரலை வரிக்கு வரி வைத்துப் படிப்பார். காலியாக விட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

நான் சேர்ந்த முதல் வருஷம் கப்பி மாதிரி ஒன்று செய்தோம். பிள்ளைகள் கயிற்றை இழுத்து மணல் மூட்டையைத் தூக்க வேண்டும். நான் வலது பக்கத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

“தனசேகர், மேல இருக்கற கொக்கி சுவருக்குள்ள எவ்வளவு ஆழம் போயிருக்கு?” என்று கேட்டார்.

“தெரியாது மேடம். அது கொத்தனார் போட்டது.”

“அப்போ அது நீங்க பார்க்காதது. எழுதுங்க.”

எழுதினேன். ஏணி போட்டு ஏறி அந்தக் கொக்கியை இழுத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு இழுப்பில் அது என் கையோடு வந்துவிட்டது. ஒரு விரல் ஆழம்கூட உள்ளே போயிருக்கவில்லை. மேடம் அந்தக் கொக்கியை வாங்கித் தன் மேஜை மேல் வைத்துக்கொண்டார்.

இனி சுத்தியலுக்கு வருகிறேன்.

மேடத்தின் மகள் இத்தாலியில் இருக்கிறாள். ஒரு கோடை விடுமுறைக்கு மேடம் அங்கே போயிருந்தார். நாட்டின் வடக்கே, மலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்குக் கிராமத்துக்கு மகள் அழைத்துப் போயிருக்கிறாள். தாமிரப் பாத்திரத்தைத் தண்ணீரின் விசையால் அடித்த ஊர் அது. பல தலைமுறையாக அடித்திருக்கிறார்கள். மலையோடையிலிருந்து வாய்க்கால் வெட்டி, தண்ணீரை மரச் சக்கரத்தின் தலையில் விழ வைத்து, அந்தச் சக்கரத்தால் சுத்தியலைத் தூக்கியிருக்கிறார்கள். மின்சாரம் வந்த பிறகு ஒவ்வொன்றாக நின்று, இப்போது ஒரே ஒரு கொட்டகையை வருகிறவர்களுக்கு ஓட்டிக் காட்டுகிறார்களாம். மேடம் மூன்று நோட்டு நிறைய எழுதிக்கொண்டும் போன் நிறைய வீடியோ எடுத்துக்கொண்டும் வந்தார்.

பட்டறையில் மேடம் போட்டுக் காட்ட, ஜாபர் பாயும் நானும் அந்த வீடியோவைப் பார்த்தோம். ஜாபர் பாய் திருவல்லிக்கேணிக்காரர். குழாய், பம்ப், தண்ணீர் சம்பந்தப்பட்ட எல்லா வேலையும் அவருடையது.

சக்கரம் சுற்றுகிறது. அதோடு ஒரு பருத்த மரத்தண்டும் சுற்றுகிறது. தண்டில் இரும்புப் பற்கள். சுத்தியல் என்றால் கையில் பிடிப்பது இல்லை. ஆளைவிட நீளமான ஒரு மரம், நடுவில் அச்சு, ஒரு முனையில் இரும்புத் தலை. பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் சீசா பலகை மாதிரி. பல் வந்து மரத்தின் வாலை அழுத்தும், தலை மேலே போகும். பல் நழுவும், தலை தாமிரத்தின் மேல் விழும். ஒரு மூச்சு விடுவதற்குள் இரண்டு அடி. கீழே ஓர் ஆள், கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்துகொண்டு, இடுக்கியால் தாமிரத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கிறார். ஒரு கிண்ணம் இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்தாறு கிண்ணங்களை அடுக்கி ஒரே அடியில் எல்லாவற்றையும் மெலிய வைக்கிறார். தாமிரம் அடிபட்டால் இறுகிவிடும். இறுகியதும் உலையில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும். அப்பா நாள் முழுக்கச் செய்ததும் இதுதான். உலைக்குத் துருத்தி இல்லை. உயரத்திலிருந்து ஒரு குழாய்க்குள் விழும் தண்ணீர் ஓட்டைகள் வழியாகக் காற்றை உள்ளே இழுத்துப் போகிறது. அடியில் ஒரு பெட்டியில் தண்ணீர் தனியாக வெளியேற, காற்று மட்டும் உலைக்கு ஊதுகிறது.

“இன்னா மூளை நைனா இவனுங்களுக்கு! தண்ணியாலயே ஊதறான், தண்ணியாலயே அடிக்கிறான்,” என்றார் ஜாபர் பாய்.

நான் அந்த ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலைக்கும் சுத்தியலுக்கும் ஒரு கை நீளம்தான் இடைவெளி. அண்ணாந்து ஒரு தடவைகூட அவர் பார்க்கவில்லை.

“அவருக்குக் காது சுத்தமாக் கேக்கல,” என்றார் மேடம். “அந்த ஊர்ல இந்த வேலை பார்த்த பெரியவங்க பல பேருக்கு அப்படித்தானாம். ஆனா மரத்துல சத்தம் மாறினா உடம்புல தெரிஞ்சுடும்னார். உடனே மடையை அடைச்சுடுவாராம்.”

அதே அமைப்பை, அளவில் கொஞ்சம் குறைத்து, காட்சியகத்தின் பின்கட்டில் செய்வதென்று முடிவாயிற்று. மரம் பத்தடி. இரும்புத் தலை நாற்பது கிலோ. தண்ணீரைத் தரைத்தொட்டியிலிருந்து பம்பால் மேல்தொட்டிக்கு ஏற்றி, சக்கரத்தில் விழவிட்டு, மறுபடி தரைத்தொட்டிக்கே கொண்டுவருவது. அந்தக் கோடையில் அடையாறு முழுக்கத் தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்தது. நாங்கள் சக்கரத்தில் தண்ணீர் விடுவதைப் பார்த்து எதிர்ப்புறக் குடியிருப்புப் பெண்கள் கேட்டுக்கு வந்து சண்டை போட்டார்கள். அதே தண்ணீர்தான் சுற்றுகிறது என்று ஜாபர் பாய் அவர்களை உள்ளே அழைத்துக் காட்டினார். இருந்தாலும் மழை வரும்வரை வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார் மேடம். அதனால் எல்லாமே தள்ளிப் போயிற்று. அறக்கட்டளைத் தலைவர் திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார். பள்ளிகளுக்கு அழைப்பும் போய்விட்டது.

மரம்தான் பெரிய பாடாகிவிட்டது. அதிர்ச்சியைத் தாங்க வண்டிச் சக்கரத்துக்குப் போடும் கருவேலம்தான் சரி. ஆனால் கருவேலத்தில் கோணல் இல்லாத பத்தடித் துண்டு சுலபத்தில் கிடைக்காது. சூளையில் மரக்கடை மரக்கடையாக ஏறி இறங்கினேன். மூன்று வாரம் கழித்து ஒன்று கிடைத்தது. லாரியிலிருந்து இறக்கும்போது மேடம் கையால் தடவிப் பார்த்து, “இது ஒண்ணுதானே?” என்றார்.

“இது ஒண்ணுதான் மேடம்.”

அச்சுக்கு இரண்டு அங்குலத் துளை போட வேண்டும். வரைபடத்தில் அளவு சுத்தியல் தலையின் நடுவிலிருந்து கொடுக்கப்பட்டிருந்தது. நான் மர முனையிலிருந்து அளந்தேன். அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். துளை மறுபுறம் வந்து, துரப்பணத்தை வெளியே எடுத்துவிட்டு, அச்சை நுழைத்துப் பார்க்கத் தலையைக் கொண்டுபோய் வைத்தபோதுதான் தெரிந்தது. நான்கு விரல் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

பட்டறையில் அப்போது யாரும் இல்லை. ஜாபர் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். மேடம் தி.நகரில் கம்மியர் கடையில் தாமிரக் கிண்ணங்களைத் தேர்ந்துகொண்டிருந்தார். நான் அந்தத் துளைக்குள் விரலை விட்டுக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மறுபடி மூன்று வாரம் அலைய நாள் இல்லை. திறப்பு விழா ஒன்பது நாளில்.

அதே மரத்தின் கழிவிலிருந்து ஒரு முளை கடைந்தேன். எபாக்சி பசை பூசித் துளைக்குள் அடித்து இறக்கினேன். சரியான இடத்தில் இரண்டாவது துளையைப் போட்டேன். மரம் பிளக்காமல் இருக்க அங்கங்கே இரும்புப் பூண் மாட்டுவது வரைபடத்திலேயே இருந்தது. மொத்தம் நான்கு பூண். பசை ஒரு ராத்திரி காயட்டும் என்று மரத்தைச் சாக்கால் மூடிவைத்து, மறுநாள் அதிகாலையில் நான் ஐந்தாவதாக ஒன்றைக் காய்ச்சி, அடைத்த துளையின் மேல் மாட்டிவிட்டேன். ஆறினதும் இறுகிக் கவ்விக்கொண்டது. கறுப்பு வண்ணமும் அடித்தேன்.

காலையில் ஜாபர் பாய் வந்து பார்த்தார்.

“இன்னா நைனா, படத்துல நாலு தானே கீது? அஞ்சு மாட்டிக்கினு கீற?”

“கெட்டியா இருக்கட்டும்னு பாய்.”

“நல்லது தான்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் நம்பியதுதான் என்னை அதிகம் வதைத்தது.

மரத்தில் விசை முழுவதும் வந்து சேரும் இடம் அச்சுக்குப் பக்கம்தான். தலை விழும்போதெல்லாம் அங்கேதான் வளையும். என் அடைப்பு அச்சுக்கு நான்கு விரல் தள்ளி, சரியாக அந்த இடத்தில் இருந்தது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் தாளில் எழுதினேன். ‘பார்த்தது’ பக்கத்தில் அச்சு, பூண்கள், தலை ஆப்பு, பற்கள் என்று வரிசையாக எழுதினேன். ‘பார்க்காதது’ பக்கத்தில் ‘மேல்தொட்டியின் அடிப்பாகம்’ என்று எழுதினேன். அது பொய் இல்லை. அதை நான் பார்க்கவில்லைதான்.

மேடம் விரல் வைத்துப் படித்தார். ஜாபர் பாயைத் தொட்டியின் அடியைப் பார்க்க அனுப்பினார். தாளில் தன் கையெழுத்தைப் போட்டார்.

வெள்ளிக்கிழமை முதல் ஓட்டம். திறப்பு விழா திங்கட்கிழமை. மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஜாபர் பாய் மடையைத் திறந்தார். சக்கரம் ஒரு முனகலோடு திரும்பியது. முதல் அடி விழுந்தபோது ஜன்னல் கண்ணாடி எல்லாம் அதிர்ந்தது. காட்சியகத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பின்கட்டுக்கு ஓடி வந்து கை தட்டினார்கள். தாமிரக் கிண்ணம் கண்ணெதிரே விரிந்தது. நான் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாவது பூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மதியம் மூன்றாவது ஓட்டத்தில் சத்தம் மாறின மாதிரி இருந்தது. முதலில் ‘ணங்’ என்று முழுசாக விழுந்தது. இப்போது அதன் வாலில் ஒரு ‘ணக்’ ஒட்டிக்கொண்டிருந்தது. ஜாபர் பாயிடம் கேட்டேன். “ஒண்ணும் இல்லியே,” என்றார். மேடம் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் கேட்கிறதா, அல்லது தப்பு செய்தவன் என்பதால் கேட்கிறதா என்று தெரியவில்லை.

சுத்தியலுக்கு எட்டடி தள்ளி ஒரு கம்பித் தடுப்பு போட்டிருந்தோம். பிள்ளைகள் நிற்க வேண்டிய இடம். மரம் முறிந்தால் நாற்பது கிலோ தலை எந்தப் பக்கம் போகும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. எப்படிப் போட்டாலும் அது தடுப்பில்தான் வந்து நின்றது.

ஞாயிறு காலை சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். கட்டையின் மேல் வஞ்சிரத்தை வெட்டும் கத்தி ‘ணக்’கென்று விழுந்தது. என் உடம்பு தூக்கிப் போட்டது. மீனை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

“இன்னாய்யா ஆச்சு உனக்கு? ரெண்டு நாளா பேயறைஞ்ச மாதிரி கீற,” என்றாள் என் மனைவி வசந்தி.

அவளிடம் சொன்னேன். முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அவளிடம்தான்.

“நாளைக்கு எத்தினி பசங்க வருது?”

“ரெண்டு ஸ்கூல்.”

“அப்ப என்னாண்ட இன்னாத்துக்குச் சொல்லிக்கினு கீற? போய் அந்தம்மா கிட்ட சொல்லு.”

பஸ்ஸில் மயிலாப்பூர் போய் இறங்கும்போது மணி மூன்று. மேடத்தின் வீடு மாடியில். கதவைத் திறந்ததும் உள்ளே உறவினர்கள் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. “வாங்கோ தனசேகர், என்ன இந்த நேரத்துல?” என்றார். வீட்டில் இருக்கும்போது அவர் பேச்சு கொஞ்சம் மாறிவிடும்.

“ஒண்ணுமில்ல மேடம், பட்டறைச் சாவி…” என்றேன்.

“சாவி உங்க கிட்டதானே இருக்கு?”

“ஆமா மேடம்.” திரும்பிப் படியிறங்கினேன். பாதிப் படியில் கால் நகரவில்லை. மேலே பார்த்தேன். அவர் கதவைச் சாத்தாமல் நின்றுகொண்டிருந்தார். படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் வெளுத்தது. உள்ளே திரும்பி, “நீங்கள்ளாம் காபி சாப்பிட்டுண்டு இருங்கோ, வந்துடறேன்,” என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இறங்கி வந்து எனக்கு இரண்டு படி மேலே உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“துளை எத்தனை அங்குலம்?”

“ரெண்டு.”

“முழுசா ஊடுருவிப் போட்டேளா?”

“ஆமா மேடம்.”

“பசை எத்தனை நாள் காய்ஞ்சுது?”

“பூண் மாட்டறதுக்கு முன்னால ஒரு ராத்திரி.”

“சத்தம் மாறித்துன்னு சொல்றேளே, எவ்வளவு நிச்சயம்?”

“நிச்சயம் இல்ல மேடம். பாதிக்குப் பாதி.”

அவர் கையிலிருந்த மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

“தாள்ல என் கையெழுத்தும் இருக்கு,” என்றார். “நீங்க எழுதினதைப் படிச்சுட்டுத்தான் போட்டேன்.”

எழுந்து நின்றார்.

“நாளைக்குச் சுத்தியல் ஓடாது. நீங்க காலைல ஏழு மணிக்கு வந்து தலையைக் கழட்டிக் கீழ வச்சுடுங்கோ.”

மறுநாள் அப்படியே செய்தேன். மரத்தைச் சங்கிலியால் கட்டினேன். பத்து மணிக்குத் தலைவர் வந்தார். பட்டு அங்கவஸ்திரம், பின்னால் நாலைந்து பெரிய மனிதர்கள். இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் தடுப்பு முழுக்க நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மடையைத் திறந்ததும் சக்கரம் சுற்றியது. தண்டு சுற்றியது. பற்கள் வெறும் காற்றைத் தள்ளிக்கொண்டு போயின. உலையில் தண்ணீர் ஊதிய காற்றில் கரி சிவந்தது. அவ்வளவுதான். ஒரு சிறுமி, “சுத்தி அடிக்காதா மிஸ்?” என்று கேட்டாள். “அடிக்கும். இன்னைக்கு இல்லை,” என்றார் மேடம்.

தலைவருக்கு முகம் கடுகடுத்தது. பிள்ளைகள் நகர்ந்ததும் மேடத்தை ஓரமாக அழைத்தார். நான் மூன்றடி பின்னால் நின்றேன்.

“இவ்வளவு பேரைக் கூப்பிட்டுட்டு என்னம்மா இது? வெள்ளிக்கிழமை ஓடிச்சுன்னு சொன்னாங்களே?”

“ஓடிச்சு சார். மரத்துல ஒரு சந்தேகம்.”

“யார் வேலை அது?”

“என் பொறுப்புல நடந்த வேலை சார்.”

என் வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று நினைத்தேன், நாக்கு அசையவில்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. துளை அவசரத்தில் போட்டது. இது அவசரத்தில் செய்ததில்லை. மேடத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நானே நடந்ததை எழுதி, பெயர் போட்டு, தலைவர் அறையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு வர வேண்டிய பதவி உயர்வை நிறுத்திவைத்தார்கள். மேடத்துக்குக் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெறவில்லை.

பிறகு மரத்தைச் சோதிப்பது என்று மேடம் முடிவு செய்தார். பின்கட்டை முழுக்க அடைத்துவிட்டு, தலையை மறுபடி மாட்டி, யாரும் பக்கத்தில் இல்லாமல் நாளெல்லாம் அடிக்க விட்டோம். தடுப்பு இருந்த இடத்தில் மணல் மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கினோம். நானும் ஜாபர் பாயும் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்போம். முதல் நாள் முறியும் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் முறியும் என்று நினைத்தேன். ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்து, சாயங்காலம் தாடை வலிக்கும். முறிந்தால் நான் தப்பு செய்தவன் என்று ஊருக்கே தெரியும். முறியாவிட்டால் ஒன்றுமில்லாததற்கு மேடத்தைத் தலைகுனிய வைத்தவன். இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பதினோரு நாள் அடித்தது. முறியவில்லை.

“பாத்தியா நைனா, ஒண்ணியும் ஆவல. நீ சும்மா பயந்துட்ட. மேடமும் உன்னால பயந்துச்சு,” என்றார் ஜாபர் பாய். தலைவரிடமிருந்தும் செய்தி வந்தது. அதே மரத்தை வைத்து உடனே திறந்துவிடுங்கள் என்று.

மேடம் புதிய தாள் ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். நடுவில் கோடு போட்டிருந்தது. “எழுதுங்க,” என்றார்.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பதினோரு நாள் தாங்கிய மரம். கண்ணால் பார்த்தது. அதை இனிமேல் சந்தேகப்பட்டால் சிரிப்பார்கள். ஆனால் வலது பக்கத்தில் எழுத எனக்கு ஒன்றுதான் இருந்தது. ‘ஐந்தாவது பூணுக்கு அடியில் இருப்பது’ என்று எழுதினேன்.

மேடம் விரல் வைத்துப் படித்தார். “அறுத்துடுங்க,” என்றார்.

பூணை அறுத்து எடுத்தேன். அடியில் முளை வட்டமாக, அசையாமல் இருந்தது. அதன் விளிம்பிலிருந்து மர ரேகையோடு ஒரு கோடு கிளம்பிக் கட்டைவிரல் நீளத்துக்குப் போயிருந்தது. நகத்தை வைத்தால் நகம் இறங்கவில்லை. ஜாபர் பாய் அது மரத்தோடு பிறந்த கோடு என்றார். நான் துளை போட்டபோது வந்ததாக இருக்கலாம். பதினோரு நாளில் வந்ததாகவும் இருக்கலாம். மூவரும் மாறி மாறிக் குனிந்து பார்த்தோம். யாராலும் சொல்ல முடியவில்லை.

மேடம் நிமிர்ந்தார். “தெரியலைன்னா அப்புறம் என்ன? வேற மரம் பாருங்க.”

“சார் ஒத்துக்க மாட்டாரே மேடம்.”

“அதை நான் பார்த்துக்கறேன். நீங்க மரத்தைப் பாருங்க.”

எப்படி ஒத்துக்கொள்ள வைத்தார் என்று எனக்குத் தெரியாது. தலைவர் அறையில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தார், கண்கள் சிவந்திருந்தன. கருவேலம் மறுபடி கிடைக்க ஒன்றரை மாதம் ஆயிற்று. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு வண்டித் தச்சரிடம் இருந்தது. அந்த மரத்தில் துளை போடும்போது மூன்று தடவை அளந்தேன். நான்காவது தடவை மேடத்தை அளக்கச் சொன்னேன், ஐந்தாவது தடவை ஜாபர் பாயை. பிறகுதான் துரப்பணத்தைக் கையில் எடுத்தேன்.

விழா எதுவும் இல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை திறந்தோம். மாநகராட்சிப் பள்ளி ஒன்றிலிருந்து நாற்பது பிள்ளைகள் வந்திருந்தார்கள். சுத்தியல் விழ விழ, அடுக்கிய நான்கு தாமிரக் கிண்ணங்களும் ஒன்றாக அகன்றன. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்கள். சக்கரம், மடை, காற்றூதும் குழாய் என்று அந்தப் பள்ளத்தாக்கின் கதையை மேடம் சொன்னார். நான் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மேடம் இரண்டு வருஷத்தில் ஓய்வு பெற்றார். அதன் பிறகு ஓட்டுகிற பொறுப்பு என்னிடம் வந்தது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். காலை ஒன்பதரை மணிக்கு, காட்சியகம் திறப்பதற்கு முன்னால், ஜாபர் பாயை மடையைத் திறக்கச் சொல்லிவிட்டுத் தடுப்புக்கு அந்தப் பக்கம், பிள்ளைகள் நிற்கும் இடத்தில் போய் நிற்பேன். செருப்பைக் கழற்றிவிட்டு. ஐம்பது அடி விழும்வரை அங்கேயே நிற்பேன். மரம் மாற்றியாகிவிட்டது, பிறகு எதற்கு என்று பாய் ஆரம்பத்தில் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

என் கடைசி வேலை நாளன்று காலை, மடைக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்: “இன்னிக்காவது கொஞ்சம் நவுந்து நில்லு நைனா. நாளைக்கு வீட்டுக்குப் போற ஆளு.”

“தொற பாய்,” என்றேன்.

முதல் அடி விழுந்தது. ஐம்பதும் எண்ணி முடித்த பிறகுதான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். வெளியே பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.